சிற்றூர்தியின் தொங்கலமைப்பு: பேணலும் இசைவாக்கலும்

மலைநாட்டிற் பிறந்தவர்க்குப் பாதை என்பது என்றும் சமதளமன்று. கடல் மட்டத்தினின்று ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், குன்றுகள் சூழ அமைந்த கண்டி மாநகரிலிருந்து எத்திசை நோக்கிப் புறப்பட்டாலும் ஏற்றமோ, இறக்கமோ, வளைவோ நம்மை எதிர்கொள்ளும். கடுகண்ணாவைக் கணவாய் வழியே கொழும்புக்கு இறங்குவோரும், கலகா, தெல்தோட்டை, பன்விலைப் பகுதிகளின் தோட்டப் பாதைகளில் ஏறுவோரும், சக்கரம் கல்லில் ஏறிக் குழியில் விழும்போது தம் உடலால் உணர்வது ஒன்றுண்டு. பாதை தரும் அதிர்ச்சியை முதலில் ஏற்பது சக்கரம். அதனை வண்டியின் உடலுக்கு முழுமையாகச் செல்லவிடாது இடையில் நின்று வாங்கிக்கொள்வது வேறோர் அமைப்பு. அதனைத் தொங்கலமைப்பு என்பர். பட்டறைகளில் அது சஸ்பென்ஷன் என்றே வழங்கும். அவ்வமைப்பின் இயல்பையும், அதனைப் பேணி இசைவாக்கும் முறையையும் இக்கட்டுரையிற் கற்கப் புகுகின்றோம். கற்பதற்கு நாம் எடுத்துக்கொண்ட கருவி பஸ்ஸோ லொறியோ அன்று. வானொலி அலையால் இயக்கப்பட்டுக் கரடுமுரடான தரையிற் பந்தயம் ஓடும் சிற்றூர்தியேயாம்.

விளையாட்டுப் பொருளுக்குக் கல்லூரி மலரில் இடமுண்டோ என வினவுவார் இருக்கலாம். ஆய்வுகூடத்தில் நிறையொன்றைச் சுருள்வில்லிற் தொங்கவிட்டு அலைவு காலத்தை அளக்கும் மாணவன், பரீட்சை முடிந்ததும் அதனை மறந்துவிடுகின்றான். அதே சுருள்வில் ஒரு சிற்றூர்தியில் அமைந்து, வளைவில் அவனை வெல்லவோ கவிழவோ செய்யுமாயின், அவ்விதி அவன் கையிலும் கண்ணிலும் பதிந்துவிடும். மேலும், இவ்வண்டியை மேசைமீது வைத்து ஒரு திருகாணிச் செலுத்தியால் முழுவதும் கழற்றிப் பூட்டலாம். செய்த பிழையால் எவருடைய எலும்பும் முறிவதில்லை. கற்பதற்கு இதனினும் ஏற்ற பொறி அரிது.

இச்சிற்றூர்திகளின் வரலாறு நெடியதன்று. ஜப்பானிய நிறுவனமாகிய தமியா 1979 இல் வெளியிட்ட மணல்நில ஊர்திகள், சமதளத்தில் மட்டும் ஓடிய மாதிரி வண்டிகளைக் கரட்டு நிலத்திற்கு இறக்கின. 1984 இல் அமெரிக்காவின் அசோசியேற்றட் நிறுவனம் வெளியிட்ட ஆர்சி10 என்னும் வண்டி, நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் நிரப்பிய தணிப்பான்களை உடையதாய், பந்தயத்திற்கென்றே ஆக்கப்பட்டது. அடுத்த ஆண்டாகிய 1985 இல் மின்மோட்டர் பூட்டிய கரட்டுநிலச் சிற்றூர்திகளுக்கான முதலாவது உலகப் பந்தயம் கலிபோர்னியாவில் நடைபெற்றது. இன்று பத்திலொரு பங்கு அளவினவாக ஓடும் வண்டிகளின் அடிப்படை அமைப்பு பெரும்பாலும் அக்காலத்தில் வகுக்கப்பட்டதேயாம்.

நம் நாட்டில் இவ்விளையாட்டிற்கு ஓர் இடர் உண்டு. உதிரி உறுப்புக்கள் கடல்கடந்து வரவேண்டியவை. 2020 இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்ததும், 2022 இல் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியதும் நாம் அறிந்தனவே. ஒரு சிறு கோல் வளைந்தாலும் வண்டி வாரக்கணக்கில் அலுமாரியில் உறங்க நேரும். ஆதலின், இது பணம் படைத்தோர் வீட்டுப் பிள்ளைகட்கே உரியது என்ற எண்ணம் பரவியுள்ளது. அவ்வெண்ணம் முற்றும் சரியன்று. புதிய உறுப்பை வாங்கிப் பூட்டுவதால் வரும் நன்மையினும், உள்ள உறுப்பைத் துப்புரவாக்கி, அளந்து, முறைப்படி மாற்றுவதால் வரும் நன்மை பெரிது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் பொருள்.

சுருள்வில்லின் தொழில்

தொங்கலமைப்பின் முதற்பயன் சொகுசு எனப் பலர் கருதுவர். பந்தய வண்டியில் அமர்ந்து செல்பவர் எவருமிலர். ஆயினும் அதற்குத் தொங்கலமைப்பு இன்றியமையாதது. ஏனெனில், ரயர் தரையைத் தொட்டிருக்கும்வரையே வண்டியைத் திருப்பவும், விரைவாக்கவும், நிறுத்தவும் இயலும். தரையை விட்டெழுந்த சக்கரம் வெறும் சுமை. ஆகவே, சக்கரத்தைத் தரையோடு பொருந்தவைத்தலே இவ்வமைப்பின் தலையாய தொழில்.

சிற்றூர்தியின் ஒவ்வொரு சக்கரமும் ஒரு புயத்தின் நுனியில் அமைந்துள்ளது. புயத்தின் மறுமுனை வண்டியின் உடலில் ஓர் ஊசியாற் கீல்போலப் பொருத்தப்பட்டிருக்கும். புயத்திற்கும் மேலுள்ள தாங்குசட்டத்திற்கும் இடையே, சுருள்வில் சூழ்ந்த தணிப்பான் சாய்வாக நிற்கும். கராஜ்களில் ஷொக் அப்சோபர் எனப்படுவது இதுவே. வில் சுமையைத் தாங்குகின்றது. தணிப்பான் அசைவை அடக்குகின்றது. இவ்விரு தொழில்களையும் ஒன்றெனக் கொள்வதே தொடக்கநிலை மாணவர்க்கு நேரும் குழப்பம்.

றொபேட் ஊக்கு 1678 இல் வெளியிட்ட விதியின்படி, மீள்தன்மை எல்லையுள் வில்லின் சுருக்கம் அதன்மீது ஏற்றிய விசைக்கு நேர்விகித சமமாகும். எடுத்துக்காட்டாக, 1.6 கிலோகிராம் நிறையுள்ள வண்டியொன்றில் ஒவ்வொரு சக்கரமும் 0.4 கிலோகிராம் தாங்குவதாகக் கொள்வோம். சக்கரத்தில் அளக்கும்போது வில்லின் மாறிலி மீற்றருக்கு 250 நியூற்றன் ஆயின், வண்டி தன் நிறையால் ஏறத்தாழ 16 மில்லிமீற்றர் தாழ்ந்து நிற்கும். அதன் இயற்கை மீடிறனைக் கணித்தால் செக்கனுக்கு 4 அலைவு எனப் பெறுவோம். மனிதர் செல்லும் மோட்டர் வண்டியின் உடல் செக்கனுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 தடவையே அலைவது. ஆகவே சிற்றூர்தி பெரிய வண்டியினும் ஏறத்தாழ மும்மடங்கு விரைவில் துடிக்கின்றது. கண்ணால் அத்துடிப்பைப் பின்தொடர்வது கடினம். அதன் விளைவை மட்டுமே காண்கின்றோம்.

இனி, வில்லைப் புயத்தின் எத்துளையிற் பூட்டுகின்றோம் என்பதும் கருதத்தக்கது. தணிப்பான் நிமிர்ந்து நிற்கிறதெனக் கொண்டால், கீலிலிருந்து சக்கரம்வரை உள்ள நீளத்தில் அது எவ்வளவு தூரத்தில் உள்ளதோ அவ்விகிதத்தின் வர்க்கத்திற்கேற்பச் சக்கரத்தில் உணரப்படும் வன்மை அமையும். மூன்றில் இரண்டு பங்கிலிருந்த தணிப்பானை நான்கில் மூன்று பங்கிற்கு நகர்த்தினால், வன்மை ஏறத்தாழ 27 நூற்றுவீதம் கூடும். புதிய வில் வாங்காமலே வன்மையான வில்லைப் பெற்றவராவோம். இதற்கு ஆகும் செலவு ஒரு திருகாணியைக் கழற்றிப் பூட்டும் நேரமே.

எண்ணெயின் தொழில்

வில் மட்டும் இருந்து தணிப்பான் இல்லையாயின் நிகழ்வது யாது? செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு மேட்டைக் கடந்தபின், ஒவ்வொரு 2.5 மீற்றருக்கும் ஒருமுறை எழுந்து விழுந்துகொண்டே அடுத்த வளைவினுட் புகும். எழும்போதெல்லாம் ரயரின் பிடி தளரும். இவ்வலைவை அடக்குவது தணிப்பானுள் இருக்கும் சிலிக்கோன் எண்ணெய். கோலின் நுனியிலுள்ள துளையிட்ட சிறு தட்டு எண்ணெயினூடே அசையும்போது, எண்ணெய் துளைகளின் வழியே நெருங்கிச் செல்கின்றது. அசைவின் சக்தி வெப்பமாகி ஒழிகின்றது.

பாய்ந்து விழும் வண்டியில் இதன் இன்றியமையாமை நன்கு புலனாகும். மேற்கூறிய வண்டி அரை மீற்றர் உயரத்திலிருந்து விழுமாயின், அது ஏறத்தாழ 7.8 யூல் சக்தியைத் தரைக்குக் கொணர்கின்றது. நான்கு வில்களும் 40 மில்லிமீற்றர் முழுமையும் சுருங்கினாலும் அவை தம்முட் சேமிப்பது 0.8 யூலே. பத்தில் ஒரு பங்கையே வில் ஏற்கின்றது. எஞ்சியதிற் பெரும்பங்கை எண்ணெய் ஏற்கவேண்டும். எண்ணெய் ஏற்காததை ரயரும், வண்டியின் அடித்தட்டும், இறுதியில் முறியும் புயமும் ஏற்கும். வண்டி விழும்போது அடித்தட்டு மோதுகின்றதெனக் கண்டு உடனே வன்மையான வில்லைத் தேடுவோர், பெரும்பாலும் மருந்தை மாற்றி உண்பவராவர்.

எண்ணெயின் பிசுக்குமை கூடக்கூடத் தணிப்பும் கூடும். துளையின் விட்டமும் அவ்வாறே முக்கியமானது. புவாசேயின் சமன்பாட்டை அண்ணளவாகப் பொருத்தினால், 1.2 மில்லிமீற்றர்த் துளையை 1.3 மில்லிமீற்றராக்கும்போது தடை ஏறத்தாழ 27 நூற்றுவீதம் குறைவதைக் காணலாம். எண்ணெய் தடித்ததாயும் துளை பெரிதாயும், அல்லது எண்ணெய் மெல்லியதாயும் துளை சிறிதாயும் இருப்பின், மெதுவான அசைவில் இரண்டும் ஒத்த தணிப்பைத் தரக்கூடும். ஆயின் விரைந்த அசைவில் அவை ஒவ்வா. சிறு துளையூடு விரைந்து பாயும் எண்ணெய் கொந்தளித்துத் தடையை மிக உயர்த்தும். பாய்ந்து விழும்போது அது வண்டியைக் காக்கும். அடுத்தடுத்து வரும் சிறு கற்களிலோ சக்கரத்தை அசையவிடாது துள்ளவைக்கும். எது வேண்டும் என்பதைப் பந்தயத் தரையே தீர்மானிக்கின்றது.

முதலிற் பேணுக

இசைவாக்கலைத் தொடங்குமுன் வண்டி நல்நிலையில் உள்ளதா எனச் சோதித்தல் வேண்டும். அழுக்கடைந்த கீலும் எண்ணெய் கசியும் தணிப்பானும் உள்ள வண்டியில் எந்த மாற்றம் செய்யினும், அதன் பயனை நாம் அறியமாட்டோம்.

ஓட்டம் முடிந்ததும் காய்ந்த மண்ணை மெல்லிய தூரிகையால் அகற்றுக. குழாய்நீரை விசையோடு பாய்ச்சினால் மண் குண்டுத்தாங்கிகளின் உட்புகும். பின்னர்த் தணிப்பான்கள் நான்கையும் கழற்றிவிட்டு ஒவ்வொரு புயத்தையும் கையால் உயர்த்தி விடுக. அது தன் நிறையாலேயே தடையின்றிக் கீழே விழல் வேண்டும். நடுவில் நின்றால், கீலூசி வளைந்துள்ளது அல்லது மண் புகுந்துள்ளது என்று அறிக. இச்சோதனைக்கு ஒரு நிமிடமும் செல்லாது; பணமும் செல்லாது. எனினும் பலர் செய்யாது விடுவது இதுவே.

தணிப்பானின் கோலைத் துடைத்து ஒரு கண்ணாடித் தட்டின்மேல் உருட்டுக. தள்ளாடி உருண்டால் அது வளைந்துவிட்டது. கோலின் மேற்பரப்பில் நீளக்கீறல்கள் காணப்படின், மணற்றுகள் கோலோடு உட்சென்று றப்பர் வளையத்தை அரித்துவருகின்றது என்பது பொருள். கோல் எண்ணெய் பூத்து ஈரமாயிருப்பின் வளையத்தை மாற்றுக. எண்ணெயைக் கழுவப் பெற்றோலைப் பயன்படுத்தலாகாது. வளையம் வீங்கிக் கெடும்.

எண்ணெய் நிரப்புவதிற் பொறுமை வேண்டும். தணிப்பானை நிமிர்த்திப் பிடித்து, எண்ணெயை விளிம்புவரை ஊற்றி, கோலை மெல்ல மேலும் கீழும் அசைத்தால் தட்டின் அடியிற் சிக்கிய காற்றுக்குமிழிகள் மேலெழும். சில நிமிடம் அசையாது வைத்து, குமிழிகள் யாவும் அகன்றபின் மூடியைப் பூட்டுக. உள்ளே தங்கிய காற்று எளிதில் நெருங்குமாதலின், கோலின் அசைவிற் சிறிது தூரம் தணிப்பே இராது. இறுதியாக, முன்னிரு தணிப்பான்களையும் ஒன்றன்பக்கம் ஒன்றாகப் பிடித்து ஒருங்கே அழுத்துக. இரண்டும் ஒரே தடையோடு உட்சென்று ஒரே அளவில் மீளல் வேண்டும். பின்னிரண்டையும் அவ்வாறே சோதிக்க. இடமும் வலமும் ஒவ்வாத வண்டி, ஒரு பக்கம் நன்கு திரும்பி மறுபக்கம் வழுகும்.

பின்னர் இசைவாக்குக

இசைவாக்கலுக்கும் வரிசை உண்டு. முதலாவது தரையிடை உயரம். பற்றரி முதலிய யாவும் ஏற்றியபின், வண்டியைச் சற்று உயரத்திலிருந்து சமதளத்தில் விட்டு, அடித்தட்டிற்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளக்க. பத்திலொரு பங்கு வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீற்றர்வரை இருத்தல் வழக்கம். மேடுபள்ளம் மிகுந்த தரைக்கு உயரமும், இறுகிய மட்டமான தரைக்குத் தாழ்வும் ஏற்றன. இரண்டாவது வில், மூன்றாவது எண்ணெய், நான்காவது தணிப்பானைப் பூட்டும் துளை. சக்கரச் சாய்வு இறுதியில் வரும். நேராக நோக்குங்கால் சக்கரத்தின் மேற்பக்கம் ஒன்று முதல் இரண்டு பாகைவரை உட்சாய்ந்திருத்தல் நல்ல தொடக்கம்.

வளைவில் முன்சக்கரங்கள் பிடியிழந்து வண்டி வெளிநோக்கிச் செல்லுமாயின், முன்வில்லை மென்மையாக்குக, அல்லது பின்வில்லை வன்மையாக்குக. பின்பகுதி வழுகி வண்டி சுழலுமாயின் இதன் மறுதலையைச் செய்க. எப்பகுதி மென்மையாகின்றதோ அப்பகுதியின் பிடி பொதுவாகக் கூடும் என்பது நினைவிற் கொள்ளத்தக்க விதி.

இவை எல்லாவற்றினும் மேலான விதி ஒன்றுண்டு. ஒரு வேளைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்க. வில்லையும் எண்ணெயையும் ஒருங்கே மாற்றியபின் வண்டி நன்றாக ஓடினால், நன்மை எதனால் வந்தது என்று எவ்வாறு அறிவது? ஒன்று நன்மை செய்ய மற்றது கேடு செய்திருக்கவும் கூடும். ஆதலின் ஒரு பயிற்சிக் கொப்பி வேண்டும். திகதி, தரையின் நிலை, வில், எண்ணெய், துளை, உயரம், ஐந்து சுற்றுக்கான நேரம் ஆகியவற்றை ஒவ்வொரு ஓட்டத்தின் பின்னும் எழுதுக. மாற்றத்தின் பின் பழைய நிலைக்கு மீண்டும் சென்று ஒருமுறை ஓட்டுக. ஓட்டுநன் பழகியதால் நேரம் குறைந்ததா, மாற்றத்தால் குறைந்ததா என்பது அப்பொழுதே தெளிவாகும்.

கண்டித் தரையின் இயல்பு

பிறநாட்டு நூல்களிற் கூறப்படும் அளவுகள் நம் தரைக்கு அப்படியே பொருந்துவனவல்ல. கண்டியைச் சூழ்ந்த பகுதிகளிற் பரவலாகக் காணப்படும் செங்கபில மண் களி கலந்தது. வெயிலில் இறுகி, மேலே தூசி படரும். மழையில் வழுகி, ரயரின் பற்களிடையே அப்பிக்கொள்ளும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களிற் காலை வெயிலும் பிற்பகல் இடிமழையுமாக ஒரே நாளில் ஒரே மைதானம் இருவேறு தரையாகிவிடும். காலையில் இறுகிய தரைக்கு வன்மையான வில்லும் தாழ்ந்த உயரமும் பொருந்துமாயின், மழையின் பின் மென்மையான வில்லும், மெல்லிய எண்ணெயும், கூடிய உயரமும் வேண்டியனவாம். அப்பிய மண்ணும் வண்டியின் நிறையைக் கூட்டும் என்பதை மறத்தலாகாது.

வெப்பநிலையும் கருதற்குரியது. சிலிக்கோன் எண்ணெயின் பிசுக்குமை பிற எண்ணெய்களினும் குறைவாகவே மாறினும், மாறாதிருப்பதில்லை. ஹந்தானைச் சாரலின் குளிர்ந்த காலையில் இசைவாக்கிய வண்டியை அனுராதபுரத்து நண்பகல் வெயிலில் ஓட்டினால் தணிப்புக் குறைந்திருப்பதை உணரலாம். அங்கே சற்றுத் தடித்த எண்ணெய் வேண்டும். இதனாலேயே கொப்பியில் இடமும் வேளையும் எழுதப்படல் வேண்டும் என்றோம்.

பெரிய வண்டிக்கும் இதுவே விதி

சிற்றூர்தியிற் கற்றது சிற்றூர்தியோடு முடிவதன்று. உடதும்பரைக்கு அப்பால், பதினெட்டு வளைவு எனப் பெயர்பெற்ற மகியங்கனைப் பாதையில் இறங்கும் பஸ்ஸும், நகரத்து மேட்டில் மாணவரை ஏற்றிச் செல்லும் முச்சக்கர வண்டியும் இதே விதிகட்கு அடங்கியவை. பஸ்ஸின் தகடுகளை அடுக்கிக் கட்டிய வில் தன் உராய்வாற் சிறிது தணிப்பைத் தரும். ஆயினும் அது தணிப்பானுக்கு ஈடாகாது. தேய்ந்த தணிப்பானுடன் ஓடும் வண்டி நேர்ப்பாதையிற் பயணிக்கு ஒரு குறையும் காட்டாதிருக்கலாம். குழிகள் நிறைந்த இறக்கத்தில், வளைவொன்றில், தடுப்பை அழுத்தும் வேளையில் அதன் சக்கரம் துள்ளும். துள்ளிய சக்கரம் நிறுத்தாது. அங்கே முறிவது நைலோன் புயமன்று.

சிற்றூர்தியைத் தட்டிப் பார்க்கக் கற்ற மாணவன், வீட்டு மோட்டர் வண்டியின் ஒரு மூலையைக் கையால் அழுத்தி விட்டுப் பார்க்கவும் கற்பான். அது எழுந்து ஓரிரு அசைவில் அடங்கினால் நலம். தொடர்ந்து ஆடினாலோ, தணிப்பானின் புறத்தே எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தாலோ, நெடும்பயணத்திற்கு முன் பட்டறைக்குக் கொண்டுசெல்லுமாறு தந்தையாரிடம் கூறுவான். இந்த ஓர் அறிவுக்காகவேனும் இவ்விளையாட்டைப் பாடசாலைகள் ஆதரித்தல் தகும்.

1960களின் நடுப்பகுதியிற் பேராதனைக்கு வந்த பொறியியற் பீடம் நம் நகரின் அண்மையிலேயே உள்ளது. அங்கே புக விரும்பும் இளைஞர்க்கு இதனினும் மலிவான முன்பயிற்சி வேறில்லை. ஆளுக்கொரு வண்டி வேண்டுவதில்லை. விஞ்ஞான மன்றத்திற்கு ஒரு வண்டி, இரு சோடி வில், மூன்று வகை எண்ணெய், ஒரு மணிக்கூடு, ஒரு கொப்பி இருப்பின் ஒரு வகுப்பு முழுவதும் ஓராண்டு கற்கலாம். பழைய மாணவருள் இவற்றை அளிக்க வல்லார் பலர் உளர். அக்கொப்பி ஆண்டுதோறும் அடுத்த வகுப்பின் கைக்கு மாறுமாயின், கண்டித் தரைக்கு ஏற்ற அளவுகளை நாமே கண்டு எழுதியவராவோம். பிறநாட்டு நூலை எதிர்பார்த்திருக்க வேண்டியதுமில்லை.